பலவீனம் எவருடையது?

இனவாதம் பாவம் என்று மறையுரையில் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவர். அது தம் கோவிலுக்குள் எந்த வாசலால் வந்தது என்று தேடும்போதே படிப்புத் தொடங்குகிறது.

தென்னாபிரிக்காவின் ஒல்லாந்த சீர்திருத்தத் திருச்சபையைப் பார்ப்போம். கறுப்பின விசுவாசிகளை இருக்கும் சபைகளிலேயே சேர்ப்பதுதான் வேதத்துக்கு ஒத்தது என்று 1857இல் அதன் மன்றம் ஏற்றது. ஆயினும் சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு அவர்கள் வேறிடத்தில் வழிபடலாம் என்றது. (பலவீனம் வெள்ளையருடையது, வெளியே போனவரோ மற்றவர்.) சலுகை வழக்கமாயிற்று. 1881இல் தனிச் சபையே உருவாயிற்று. பின்னர் நிறவெறி ஆட்சிக்கு வேதநியாயமும் பிறந்தது. அப்படிப் பிரிக்கப்பட்ட சபைதான் 1982இல் பெல்ஹாரில் கூடி, ஒப்புரவை மறுக்கும் போதனையை நிராகரித்து விசுவாச அறிக்கை வரைந்தது; 1986இல் அதனை ஏற்றது. தாமும் குற்றமற்றவரல்லர் என்று உடன் கடிதத்தில் எழுதவும் தவறவில்லை.

இதை ஒரு பங்கில் வளர்ந்தோர் வகுப்பில் சொன்னோம். ஒரு தாய் எழுந்து, "சுவாமி, எங்கட கோயிலிலயும் ஆர் எங்க இருக்கிறதெண்டு முந்தி இருந்ததுதானே?" என்றார். எவரும் பேசவில்லை. சாதி என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லவே அடுத்த கிழமையாயிற்று. அயலிலுள்ள சிங்களப் பங்குமக்களைச் சந்திக்கக் குறித்திருந்த நாளைத் தள்ளிவைத்தோம்.