குடும்பப் பயணத்திற்கு வண்டிப் பை: கேட்டு விற்பதே கடைக்கு அழகு



இரு சக்கர வாகனம் என்பது ஆண்கள் வேலைக்குப் போய் வருவதற்கு மட்டுமான வண்டி என்ற காலம் எப்போதோ மலையேறிவிட்டது. 1980இல் இருவர் அமரக்கூடிய டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரிலிருந்து வெளிவந்த பின், சாதாரணக் குடும்பங்களும் வண்டியில் ஊர் போய் வரத் தொடங்கின. குலதெய்வக் கோயில், உறவினர் வீட்டு விசேஷம், விடுமுறையில் அருகிலுள்ள அணைக்கட்டு என்று எங்கு போனாலும் இன்று வண்டிதான். குடும்பம் கிளம்பினால் கூடவே சாமானும் கிளம்புகிறது. சாப்பாட்டுத் தூக்கு, தண்ணீர் பாட்டில், மாற்றுத் துணி, மழைக் கோட்டு, பூஜைச் சாமான் எல்லாம் சேரும்போது, "நல்லதா, பெரிசா ஒரு பை கொடுங்க" என்று நம் கடைக்கு வருகிறார்கள்.

கேட்டவருக்குப் பெரிய பையை எடுத்துக் கொடுத்துக் காசை வாங்கிப் போடுவது சுலபம். ஆனால் இது வீட்டு மூலையில் வைக்கும் பை அல்ல. ஓடும் வண்டியில், மனைவி மக்களோடு சேர்ந்து போகிற பொருள். மொத்த வியாபாரம் செய்யும் நாங்கள் சரக்கைச் சிப்பம் கட்டி அனுப்பிவிடுகிறோம். வாங்குபவரின் முகத்தையும், வாசலில் நிற்கும் அவர் வண்டியையும் பார்ப்பவர் சில்லறைக் கடைக்காரர்தான். ஆகவே நான்கு கேள்விகளை அவர் தவறாமல் கேட்க வேண்டும். என்ன வண்டி? யார் யார் போகிறீர்கள்? என்னென்ன சாமான்? எவ்வளவு தூரம்?

எடைக் கணக்கு

ஒவ்வொரு வண்டியும் மொத்தம் எத்தனை கிலோ தாங்கும் என்பது கையேட்டில் அச்சிடப்பட்டிருக்கும். ஆட்களின் எடையும் அதில் அடக்கம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு வண்டிக்கு 150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுபவர் 75 கிலோ, பின்னால் அமர்பவர் 62 கிலோ என்றால் மீதி 13 கிலோதான். பை, அதைத் தாங்கும் இரும்புச் சட்டம், உள்ளே வைக்கும் சாமான் எல்லாம் இந்த 13 கிலோவுக்குள் அடங்க வேண்டும். மயில் தோகையே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னது, மோட்டார் வண்டிக்கும் பொருந்தும்.

பின் சக்கரத்தின் அச்சுக்கும் பின்னால் அதிக எடை தொங்கினால் முன் சக்கரம் இலேசாகி, கைப்பிடி ஆட ஆரம்பிக்கும். எனவே கனமான சாமான் தாழ்வாகவும் ஆளுக்கு அருகிலும், துணிமணி போன்ற இலேசானவை மேலும் இருக்க வேண்டும். இரண்டு பேரும் சாமானும் போகும்போது பின் டயருக்குக் கையேட்டில் சொல்லியுள்ள கூடுதல் காற்றை அடிக்கச் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, 128ஆவது பிரிவின்படி ஓட்டுபவரைத் தவிர ஒருவர்தான் அமரலாம். கணவன், மனைவி, பிள்ளை மூவரும் ஒரே வண்டியில், கூடவே பெரிய பையும் என்றால், அவர்களுக்கு எந்தப் பையும் சரிவராது. "ஒருவர் பஸ்ஸில் வரட்டும், அல்லது இரண்டு வண்டியாகப் போங்கள்" என்று சொல்லும் தைரியம் நமக்கு வேண்டும்.

நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கென 2022 பிப்ரவரியில் தனி விதி அறிவிக்கப்பட்டு, ஓராண்டுக்குப் பின் நடைமுறைக்கு வந்தது. குழந்தையை ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டை, ஹெல்மெட், 40 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகம் ஆகியவை அதில் கட்டாயம். பை வாங்க வருபவரிடம் இந்தப் பட்டையையும் காட்டுங்கள். வியாபாரமும் ஆகும், குழந்தைக்கும் நல்லது.

வண்டியில் பொருத்தும் பெட்டிக்கு 2020இல் அளவு வகுத்தார்கள். நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. பின் ஆள் அமரும் இடத்தில் பெட்டியை வைத்தால், ஓட்டுபவர் மட்டுமே செல்லலாம்.

சாரி கார்டைக் கழற்றாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். பை மாட்ட இடைஞ்சலாக இருக்கிறது என்று இடப்பக்கச் சாரி கார்டைக் கழற்றிக் கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. சேலைத் தலைப்போ துப்பட்டாவோ சக்கரக் கம்பியில் சுற்றிக்கொண்டால் அமர்ந்திருப்பவரை அப்படியே கீழே இழுத்துவிடும். கழுத்தில் சுற்றிய துப்பட்டா என்றால் உயிருக்கே ஆபத்து. பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் காப்பு இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. வாடிக்கையாளரே கேட்டாலும் கழற்ற மறுத்துவிடுங்கள்.

எந்த வண்டிக்கு எது?

பின்னால் அமரும் பெண்மணி ஒருபக்கமாக உட்கார்பவர் என்றால், இடப்பக்கம் பையோ பெட்டியோ வேண்டாம். கால் வைக்கும் படியை அது மறைக்கும். வலப்பக்கம் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் சைலன்சர் இருக்கிறது. நைலான் பை அதில் பட்டால் உருகிவிடும். இத்தகையவர்களுக்கு டேங்க் மேல் வைக்கும் சிறிய பையும், பின் கேரியரில் ஒரு சிறிய பெட்டியுமே ஏற்றவை. பின் பெட்டிகள் பலவற்றில் 3 முதல் 10 கிலோ வரைதான் வைக்கலாம் என்று எழுதியிருப்பதைப் படித்துக் காட்டுங்கள்.

இருபக்கமும் கால் போட்டு அமர்பவர் என்றால் சைடு பேக் ஜோடியாகக் கொடுக்கலாம். சைலன்சரில் படாமல் தள்ளி நிறுத்தும் சட்டம் அவசியம். இரண்டு பக்கமும் சம எடை இருக்க வேண்டும். இண்டிகேட்டர், பின் விளக்கு, நம்பர் பிளேட் மறையக் கூடாது.

ஸ்கூட்டர்காரருக்கு சீட்டுக்கு அடியில் உள்ள டிக்கியே பெரும்பாலும் போதும். அதற்குள் அடங்கும் மெல்லிய பை ஒன்றைக் கொடுத்தால் மகிழ்ந்து போவார். கைப்பிடியில் மட்டும் எதையும் தொங்கவிட வேண்டாம். திருப்பும்போது தடுக்கும்.

சரக்கு வாங்கும்போது

பையின் துணியைவிடத் தையலைப் பாருங்கள். பட்டை சேரும் இடத்தில் குறுக்குத் தையல் போட்டிருக்கிறதா என்று பார்த்து, பலமாக இழுத்துப் பாருங்கள். பை கிழிவது பெரும்பாலும் அங்கேதான். துணி தண்ணீரைத் தடுத்தாலும் ஊசித் துளை வழியே மழை உள்ளே இறங்கும். ஆகவே மழை உறை சேர்ந்த பையாக வாங்குங்கள். கொக்கி வைத்த ரப்பர் கயிறு நழுவினால் கண்ணில் அடிக்கும், சக்கரத்திலும் சிக்கும். பக்கிள் வைத்த தட்டைப் பட்டையே மேல்.

சித்திரை, வைகாசி விடுமுறைக்கும் ஆடி மாதக் கோயில் பயணத்திற்கும் முன்பே பைகளையும், ஐப்பசி மழைக்கு முன் உறைகளையும் இருப்பு வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் இரு சக்கர வாகன உதிரி பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துள்ளது. பில்லில் அது சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

விற்ற பையைக் கடை வாசலிலேயே மாட்டிக் கொடுத்து, ஆளையும் உட்கார வைத்து, ஒரு சுற்று ஓட்டிவரச் சொல்லுங்கள். பத்து கிலோமீட்டர் போனதும் பட்டையை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். பெரிய பை கேட்டவருக்குச் சிறிய பையை விற்றதால் அன்றைய லாபம் கொஞ்சம் குறையலாம். ஆனால் பத்திரமாகப் போய்த் திரும்பிய குடும்பம் அடுத்த பொருளுக்கும் நம் கடைப்படியைத்தான் ஏறும்.