சித்திரகோட்டு அருவியின் அடியிலே

விசாகப்பட்டினத்திற்குப் பிழைக்க வந்து ஆண்டுகள் பல ஆகியும், அருகிலுள்ள காட்சிகளைக் காணாமலே காலங்கழித்து வந்தோம். விடுமுறை கிடைத்தால் ஊருக்கு ஓடுவதுதானே நம்மவர் வழக்கம்! சென்ற மார்கழியில் எங்கள் அன்னையார் ஊரிலிருந்து வந்திருந்தார். அவரையும் அழைத்துக்கொண்டு, குடும்பத்தோடு பஸ்தர் வனப்பகுதியிலுள்ள சித்திரகோட்டு அருவிக்குப் புறப்பட்டோம்.

காலையில் ஏறிய கிரந்துல் பாசஞ்சர் மலையேறிக் குகை குகையாகப் புகுந்து புறப்பட்டு, மாலையில் ஜக்தல்பூர் சேர்ந்தது. பைலாதிலா இரும்புத் தாதைத் துறைமுகத்திற்குக் கொண்டுவர 1960-களில் போடப்பட்ட பாதை இது. ரயில்வே ஊழியராகிய எங்களுக்கு இதைப் பற்றியே பத்துப் பக்கம் எழுத ஆசைதான். ஆசிரியர் இடந்தர வேண்டுமே!

அங்கிருந்து அருவி ஏறக்குறைய 38 கிலோமீட்டர். ஒடிசாவின் காலாஹண்டியில் பிறந்து கோதாவரியில் கலக்கும் இந்திராவதி நதி, இங்கே குதிரைலாட வடிவமான பாறை விளிம்பிலிருந்து சுமார் 95 அடி கீழே பாய்கிறது. மழைக்காலத்தில் ஏறக்குறைய 300 மீட்டர் அகலத்திற்கு ஒரே செந்நீர்த் திரையாக விழுமாம். நாங்கள் கண்டபோது நீர் தெளிந்து, பல தாரைகளாகப் பிரிந்திருந்தது. படகு செல்வதற்கும் அதுவே தக்க காலம்.

படிகளில் இறங்கிப் படகுத்துறையை அடைந்தோம். இல்லாள் கைக்குழந்தையுடன் கரையிலேயே தங்கிவிட்டாள். அன்னையாரையும் இருக்கும்படி வேண்டினோம். "காவிரிக்கரையில் பிறந்தவளுக்குத் தண்ணீரைக் காட்டிப் பயமுறுத்துகிறாயா?" என்று கேட்டு, புடவையின் மேல் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு முதலில் ஏறி அமர்ந்தது அவர்தாம். எங்களோடு மூன்று இளைஞர்களும் ஏறினர். நான்காமவனைப் படகோட்டி ஏற்ற மறுத்தான். கூடுதல் காசு தருவதாகச் சொல்லியும் அவன் இசையவில்லை.

அருவியை நெருங்க நெருங்கப் பேச்சு அடங்கியது. இடியோசை நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே கேட்பது போலிருந்தது. சாரல் கண்ணை மறைத்தது. நீர் விழும் வேகத்தில் எழுந்த காற்று படகைப் பின்னுக்குத் தள்ள, படகோட்டி துடுப்பைக் குத்திக் குத்தி முன்னேறினான். அவ்வேளையில் ஓர் இளைஞன் புகைப்படம் எடுக்க எழுந்து நின்றான்! படகு ஒருபுறம் சாய்ந்தது. முழங்கால் வரை நீர் வந்து விழுந்தது. மகனை இறுகப் பற்றிக்கொண்ட எங்களுக்கு வாய் எழவில்லை. படகோட்டி ஏதோ கத்தினான். அருவியோசையில் ஒன்றும் கேட்கவில்லை. அன்னையார்தாம் அவ்விளைஞனின் சட்டையைப் பிடித்திழுத்து, "உட்காருடா!" என்று அதட்டினார். தமிழறியாத அப்பிள்ளை தொப்பென்று உட்கார்ந்தான். படகும் நிமிர்ந்தது.

நான்காமவனும் ஏறியிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற எண்ணம் கரைக்குத் திரும்பும்வரை எங்களை விட்டகலவில்லை. கரையேறியதும் பேசிய கூலிக்கு மேல் சிறிது கொடுத்தோம். அன்னையார் நனைந்த முந்தானையைப் பிழிந்துவிட்டு, பையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தைப் படகோட்டியின் கையில் வைத்தார். அந்த இளைஞனுக்கும் இரண்டு கொடுக்கத் தவறவில்லை.