நாடக மேடையும் நியாய ஸ்தலமும்

தொலைக்காட்சித் தொடர்களில் நடித்துப் பேரும் பொருளும் பெற்ற பெண்ணொருத்தி அத்தொழிலை விட்டுச் சட்டம் பயிலப் புகுந்தாள் என்று கேள்விப்பட்டால், நமது தஞ்சை ஜில்லாவில் இருவிதமான பேச்சு எழும். "வாய்ச் சாமர்த்தியம் உள்ளவள்; கோர்ட்டிலும் வெற்றி பெறுவாள்" என்பர் ஒரு சாரார். "வேஷம் போட்டவளுக்கு வக்கீல் தொழில் எதற்கு?" என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் விஷயத்தை அறியாமற் பேசுகின்றனர் என்பதே நமது அபிப்பிராயம்.

இரண்டாவது கூட்டத்தாரை முதலில் கவனிப்போம். மேடையும் நியாய ஸ்தலமும் ஒன்றுக்கொன்று ஆகாதவை என்ற எண்ணம் இவர்களுக்கு எங்கிருந்து வந்ததென்பது விளங்கவில்லை. சென்னையில் சட்டக் கல்லூரி ஏற்பட்டது 1891ஆம் ஆண்டில். அதே 1891இல்தான் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அவர் வக்கீலாக இருந்தவர். பின்னர் சென்னை ஸ்மால் காஸ் கோர்ட்டு நீதிபதியாகவும் அமர்ந்தவர். பகலில் வழக்கு, இரவில் ஒத்திகை என்று வாழ்ந்த அவரை யாரும் குறை கூறவில்லை. நமது ராஜாங்கம் 1959இல் அவருக்குப் பத்மபூஷண் விருதும் அளித்தது. சட்டம் பயின்ற தேசபக்தர் சத்தியமூர்த்தி அந்தச் சபையின் 'மனோகரா'வில் வேஷமிட்டு நடித்தார். அதனால் அவருடைய கௌரவம் குறைந்ததாக எவரும் சொல்லக் கேட்டதில்லை. ஆகவே, ஆட்சேபம் நடிப்பின் மேல் அல்ல. நடிப்பவள் பெண் என்பதன் மேலேயே.

ஆண்களுக்கு இரு வாயில்களும் திறந்திருந்த அக்காலத்தில், பெண்களுக்கு ஒரு வாயில் மட்டுமே திறந்திருந்தது. கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்ட நாடகக் கம்பெனி ஒன்றை நடத்திப் பெரும் பிரசித்தி பெற்றார். அவருடைய நாடகங்களைக் காண வெளியூர்களிலிருந்து தனி ரயில்கள் விடப்பட்டன என்று நாடக சரித்திரம் எழுதியோர் கூறுவர். அத்தனை பேரைக் கட்டியாண்டு, கணக்கு வழக்குப் பார்த்து, ஊர் ஊராய்க் கொட்டகை போட்ட அந்த அம்மாள், அதே கும்பகோணத்துக் கோர்ட்டில் கட்சிக்காரராக நிற்கலாம், சாட்சியாக நிற்கலாம், வக்கீலாக நிற்க முடியாது.

இதே காவேரிக் கரையில் திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் சமாதிக்குத் தம் பொருளைச் செலவிட்டுக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளின் கதையும் அப்படியே. முத்துப்பழனி என்ற தஞ்சைக் கவிஞை தெலுங்கில் இயற்றிய 'ராதிகா சாந்த்வனமு' என்னும் காவியத்தை அவர் 1910இல் பதிப்பித்தார். ஆபாசம் என்று கூறி ஆங்கிலேய ஸர்க்கார் 1911இல் அதன் பிரதிகளைப் பறிமுதல் செய்தனர். அந்தத் தடை நாடு விடுதலை பெறும் தறுவாயில்தான் நீங்கியது. ஒரு பெண் எழுதி மற்றொரு பெண் பதிப்பித்த நூலைப் பற்றி விவாதித்தவர்கள், தீர்மானித்தவர்கள் யாவரும் ஆண்களே. கலையுலகப் பெண்கள் சட்டத்தை அறிந்திருந்தது இந்த விதமாகத்தான்: தங்கள் மேல் வந்து விழும் ஒரு பொருளாக.

நியாய ஸ்தலத்தின் கதவு திறந்த விதத்தையும் நேயர்கள் நினைவுகூர வேண்டும். ஆணைக் குறிக்கும் சொல் பெண்ணையும் குறிக்கும் என்று சட்டச் சொற்களுக்கு விளக்கம் கூறும் பொதுச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. ஆயினும் 1916இல் ரெஜினா குஹா என்ற மாது வக்கீலாகப் பதிவு செய்யக் கோரியபோது, அந்த விளக்கம் வக்கீல்களுக்குப் பொருந்தாது என்று கல்கத்தா ஹைக்கோர்ட்டு கூறிவிட்டது. 1921இல் பாட்னாவில் சுதாம்சு பாலா ஹஸ்ராவுக்கும் அதே பதில். 1923இல் தனிச் சட்டம் இயற்றிய பிறகே அந்தத் தடை ஒழிந்தது. சென்னையில் ஆனந்த பாய் அட்வகேட்டாகப் பதிவு பெற்றது 1929இல். சென்னை ஹைக்கோர்ட்டு ஏற்பட்டது 1862இல்; அதன் நீதிபதி ஆசனத்தில் ஒரு பெண், பத்மினி ஜேசுதுரை அம்மையார், அமர்ந்தது 1986இல். இடையில் கழிந்தவை 124 ஆண்டுகள்.

இனி நிகழ்காலத்துக்கு வருவோம். நமது அண்டை நாடான கேரளத்தில் சாந்தி மாயாதேவி என்ற மாது தொலைக்காட்சியில் நிகழ்ச்சிகளைத் தொகுத்து வழங்கியவர். சட்டம் பயின்று கேரள ஹைக்கோர்ட்டில் அட்வகேட்டாகத் தொழில் நடத்தி வருபவர். 2021இல் வெளிவந்த 'திரிசியம்' இரண்டாம் பாகத்தில் வக்கீலாகவே தோன்றினார். தமிழ் ரசிகர்கள் அவரை 2023இல் 'லியோ'வில் கண்டிருப்பர். அதே ஆண்டில் 'நேரு' என்ற படத்தின் கதையை ஜீத்து ஜோசப்புடன் சேர்ந்து எழுதினார். கண்பார்வையற்ற பெண்ணொருத்திக்கு இழைக்கப்பட்ட கொடுமை பற்றிய வழக்கே அதன் கதை. சினிமாக் கோர்ட்டுகளில் வக்கீல்கள் மேஜையைத் தட்டிக் கர்ஜிப்பதைக் கண்டு சலித்தவர்களுக்கு, விசாரணை முறை தெரிந்தவர் எழுதியது என்பது அப்படத்தில் புலப்படும். இவர் கலையை முற்றிலும் துறந்தவர் அல்லர். ஆனால் தொழில் எது, துணை எது என்பதை மாற்றிக்கொண்டவர்.

அதே கேரளத்தில்தான் நடிகைகளுக்குச் சட்டம் எவ்வளவு அவசியம் என்பதும் வெளிப்பட்டது. சினிமாத் தொழிலில் பெண்கள் படும் துன்பங்களை ஆராய 2017இல் ஓய்வுபெற்ற நீதிபதி ஹேமா தலைமையில் அமைந்த கமிட்டி, 2019 டிசம்பரில் அறிக்கை தந்தது. அது 2024 ஆகஸ்டு மாதம் வரை வெளிவரவில்லை. சாட்சியம் அளித்தவர்களில் ஒருவரான நடிகை ரஞ்சனி, நமது 'முதல் மரியாதை'யில் நடித்தவர், வெளியிடுமுன் தாம் அதைப் பார்க்க வேண்டுமென்று ஹைக்கோர்ட்டை நாடினார், கோர்ட்டு இணங்கவில்லை. அவருடைய கோரிக்கை சரியா தவறா என்பது இருக்கட்டும். தாம் சொன்ன வார்த்தைகள் என்னவாயின என்பதை அறிய ஒரு நடிகை கோர்ட்டுப் படி ஏறவேண்டியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

முதற் கூட்டத்தாருக்கு, அதாவது வாய்ச் சாமர்த்தியத்தை நம்புவோருக்கு, ஒரு வார்த்தை. நமது ஜில்லாவின் ஸிவில் வழக்குகளில் வாய்க்கு வேலை சொற்பம். பட்டா, சிட்டா, அடங்கல், குத்தகைச் சீட்டு, பாகப் பிரிவினைப் பத்திரம் - இவற்றை இரவெல்லாம் விழித்துப் படிப்பவனே வெல்கிறான். ஒரு நாள் படப்பிடிப்பில் வசனம் தவறினால் மறுபடி எடுக்கலாம். குறுக்கு விசாரணையில் கேட்கத் தவறிய கேள்வியை மறுபடி கேட்பதற்கு மனுப் போட வேண்டும்.

பெண் வக்கீலுக்கு இந்த நெல் வயல்களுக்கிடையே வேலை நிறையவே உண்டு. பூர்விகச் சொத்தில் பெண்ணுக்குச் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989இல் ஏற்பட்ட சட்டம், அதற்கு முன் விவாகமான பெண்களை விட்டுவிட்டது. 2005ஆம் வருஷத்து மத்திய ஸர்க்கார் சட்டம் அவர்களையும் சேர்த்துக்கொண்டது. அந்த வருஷத்தில் தகப்பனார் உயிருடன் இருந்திருக்க வேண்டுமா என்ற சந்தேகத்தை, வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்து வைத்தது. ஏட்டில் இவ்வளவு இருந்தும், சீர் செய்தாயிற்று என்று காரணம் காட்டி, நஞ்சையில் உள்ள பாத்தியதைக்குச் சகோதரியிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் நமது கிராமங்களில் ஒழியவில்லை. கையெழுத்திடுமுன், "அம்மா, இதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா?" என்று கேட்பதற்கு ஒரு பெண் வக்கீல் பக்கத்து ஊரில் இருந்தால், அந்தச் சகோதரி அண்ணனுக்குத் தெரியாமல் ஒரு நடை போய் வரலாம்.

நடிகைக்கு இத்தொழிலில் சட்டப்படி தடையுண்டோவெனில், பார் கவுன்சில் விதிகளைப் பார்க்க வேண்டும். அட்வகேட் தாமே வியாபாரம் நடத்தக்கூடாது. முழு நேரச் சம்பள உத்தியோகம் பார்க்கக்கூடாது. தம்மை விளம்பரம் செய்துகொள்ளவும் கூடாது. 1996இல் ஹனிராஜ் சுலானி என்ற டாக்டர், வைத்தியத்தையும் வக்கீல் தொழிலையும் ஒருங்கே நடத்த அனுமதி கேட்டபோது, இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும்படி சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. ஆயினும், விளம்பரமும் முழு நேர உத்தியோகமும் ஆகாதவரை, ஒலிபரப்பு, பத்திரிகை எழுத்து, போதனை ஆகியவற்றில் ஈடுபடலாம் என்று விதி இடங்கொடுக்கிறது. நாள்தோறும் படப்பிடிப்பு நடக்கும் தொடரில் கதாநாயகியாக இருந்துகொண்டு இதற்குள் அடங்க இயலாது. ஆகவே, விட்டுத்தான் வரவேண்டும்.

விட்டு வருபவளின் வரும்படி என்ன? இளம் வக்கீல்களுக்கு மாதம் 15,000 ரூபாய்க்குக் குறையாமல் சீனியர்கள் கொடுக்க வேண்டும் என்றும், சென்னை, மதுரை, கோயம்புத்தூரில் அது 20,000 என்றும் 2024 ஜூனில் சென்னை ஹைக்கோர்ட்டு உத்தரவு பிறப்பித்தது. தஞ்சாவூரும் கும்பகோணமும் 15,000 கணக்கில் சேர்ந்தவை. அந்தத் தொகையேனும் ஒழுங்காகக் கைக்கு வருமா என்பது சீனியரின் மனத்தைப் பொறுத்தது. பிற்காலத்தில் மேல் முறையீடு நடத்துவதிலும் ஒரு விசித்திரம் உண்டு. தஞ்சாவூர் ஜில்லா வழக்கு மதுரைக் கிளைக்குப் போகும். பக்கத்திலுள்ள திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வழக்குகள் சென்னைக்குப் போகும். ஒரே வாய்க்காலில் பாயும் வயல்களுக்கு இரண்டு திசையில் பிரயாணம்!

பட்டம் பெற்ற ஒரு நடிகை இந்த வருஷம் சட்டக் கல்லூரியில் சேருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு மூன்று வருஷம். பிறகு பார் கவுன்சில் பதிவு. அகில இந்திய வக்கீல் பரீட்சை. அதன்மேல் ஒரு சீனியரின் ஆபீஸ். முதல் வழக்கில் அவள் எழுந்து நிற்பதற்குள் மேட்டூர் மதகு நான்கு தடவை திறந்து, நான்கு குறுவை அறுவடையாகியிருக்கும்.