இரும்புக்கு இடமில்லாத வீடு

நம் கொல்லிமலையில் காந்த இரும்புக்கல் உண்டு. அத்தகைய பாறை அருகே திசைகாட்டியைக் கொண்டுபோனால் ஊசி தடுமாறும். பூமியின் காந்தத்தை அளப்பவர்களுக்கு இரும்புதான் பரம விரோதி.

அந்த விரோதியோடு காலமெல்லாம் மல்லுக்கட்டியவர் நானாபாய் மூஸ் என்ற பார்ஸிக்காரர். 1896-ல் பம்பாய் கொலாபா ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இந்திய டைரக்டரானார். அங்கே 1841 முதல் பூமியின் காந்தத்தை அளந்து வந்தார்கள். 1859 செப்டம்பரில் சூரியன் கிளப்பிய மாபெரும் காந்தப் புயல்கூட அந்த ஏடுகளில் பதிவாகியிருக்கிறது!

இந்த நிலையில் நகரத்துக்கு மின்சார டிராம் வரப்போவதாகச் செய்தி. தண்டவாளத்தில் ஓடும் மின்சாரம் ஊசியை ஆட்டி வைத்தால் அறுபது வருஷக் கணக்கு என்னாவது? டிராமைத் தடுக்கத்தான் முடியுமா?

மூஸ் வேறு வழி பார்த்தார். கடலுக்கு அக்கரையில், அலிபாக்கில், காந்தக் குணமில்லாத போர்பந்தர் கல்லால் ஒரு கட்டடம் எழுப்பச் செய்தார். அதில் இரும்புக்கு இடமே இல்லை. ஆனால் உடனே குடிபெயர்ந்துவிடவில்லை. 1904 முதல் 1906 வரை இரண்டு இடங்களிலும் ஒரே சமயத்தில் அளந்தார். பழைய அடுப்பு அணையுமுன் அதிலிருந்தே புது அடுப்பைப் பற்றவைக்கும் சாமர்த்தியம்தான்!

1907-ல் பம்பாயில் மின்சார டிராம் ஓடியது. அலிபாக்கில் ஊசி அசையவில்லை. 1846 முதல் 1905 வரையிலான கணக்கை மூஸ் 1910-ல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். அலிபாக்கில் இன்றும் அளந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.