காரணம் கேட்கும் உரிமை காவலருக்கும் உண்டு

புகார் கொடுக்கப் போகிறவர் காவல் நிலையத்தில் முதலில் பார்ப்பது பெரும்பாலும் தூக்கம் கெட்ட ஒரு காவலரைத்தான். இந்திய நிர்வாகப் பணியாளர் கல்லூரி 2014இல் நடத்திய ஆய்வின்படி, நாட்டின் காவல் நிலையப் பணியாளர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் அப்போது தினமும் 8 மணி நேரத்துக்கு மேல் உழைத்தார்கள். 73 விழுக்காட்டினருக்கு மாதத்தில் ஒரு வார ஓய்வுகூடக் கிடைக்கவில்லை. ஆள் பற்றாக்குறை உண்மைதான். ஆனால் கடின வேலையைத் தாங்கும் காவலரையும் சோர வைப்பது வேறொன்று: யாருக்கு லீவு, யாருக்குத் தொடர் பந்தோபஸ்து, யாருக்குத் திடீர் இடமாற்றம் என்பதெல்லாம் காரணம் சொல்லாமலே முடிவாவது. அமெரிக்க ஆய்வாளர் ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990இல் வெளியிட்ட ஆய்வில், சம்பளம் தற்காலிகமாக 15 விழுக்காடு குறைக்கப்பட்ட இரு ஆலைகளில், காரணத்தைப் பொறுமையாக விளக்கிய ஆலையைவிட, மேலோட்டமாக அறிவித்த ஆலையில் ஊழியர் திருட்டு அதிகமாக இருந்தது. ஆலைக்கே இப்படியென்றால், லத்தியும் கைது அதிகாரமும் உள்ள இடத்தில் மனக்கசப்பின் விலையைப் பொதுமக்கள்தான் கொடுக்க நேரும்.

சீருடைப் பணியில் கேள்வி கேட்டால் ஒழுங்கு கெடும் என்பார்கள். கலவரத்தின் நடுவே உத்தரவுக்கு விளக்கம் கேட்க முடியாதுதான். ஆனால் விடுப்புப் பட்டியலும் தண்டனையும் கலவர நேரத்து முடிவுகள் அல்லவே. காவலரை அதிகாரிகளின் சொந்த வேலைக்குப் பயன்படுத்தும் ஆர்டர்லி முறையை ஒழிக்க 1979இலேயே தமிழக அரசு ஆணையிட்டும், அது தொடர்வதை 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் கண்டிக்க வேண்டியிருந்தது. அதிகாரி வீட்டு வேலைக்குக் காவலரை அனுப்புவதில் என்ன ஒழுங்கு இருக்கிறது?

1966ஆம் ஆண்டின் சட்டம் காவலர்கள் அனுமதியின்றிச் சங்கம் சேர்வதைத் தடுக்கிறது. அதனால் ஒவ்வொருவரும் தன் உரிமையைத் தானே அறிந்திருப்பது அவசியம். பணிநீக்கம், பதவியிறக்கம் போன்றவற்றுக்கு முன் குற்றச்சாட்டைத் தெரிவித்து, பதில் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 311ஆவது பிரிவு. விதிவிலக்குகள் மிகச் சில. மெமோ வந்தால் எழுத்தில் பதில் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். தன்மீதான உத்தரவின் கோப்பைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். துறை மேல்முறையீடு பலிக்காவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு உண்டு.

பாலியல் தொல்லைக்கு ஆளான பெண் காவலர், பொதுவாகச் சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் அலுவலகத்தில் இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவிடம் எழுத்தில் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 3 மாதம் நீட்டிக்கலாம். சிறப்பு டிஜிபி நிலையில் இருந்த ஒருவரை, பெண் ஐபிஎஸ் அதிகாரி 2021இல் கொடுத்த புகாரின் பேரில் விழுப்புரம் நீதிமன்றம் 2023இல் தண்டித்தது. புகார் கொடுத்த அந்தப் பெண் அதிகாரிக்கு இருந்த பதவி பலம் சாதாரணப் பெண் காவலருக்கு இல்லை. ஆகவே குழு அமைத்த ஆணை, பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறபடி, அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள்.