மஞ்சளின் ஏற்றமும் ஆட்டமும்

பொங்கல் நெருங்கினால் நெய்வேலி நகரியத்துக் கடைத்தெருவில் மஞ்சள் கொத்துகள் இலையும் கிழங்குமாகக் குவிந்துவிடும். அஞ்சறைப்பெட்டிக்கு வரும் மஞ்சளோ வேகவைத்து, வெயிலில் காயவைத்து, மெருகேற்றி, ஈரோட்டுச் சந்தையில் விரலி, கிழங்கு என்று தரம் பிரித்து விற்கப்படுவது. ஐந்து கிலோ பச்சை மஞ்சள் காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் மிஞ்சும்.

அந்தக் காய்ந்த மஞ்சளின் விலை ஆடுகிற ஆட்டம் கொஞ்சமல்ல. 2010இல் குவிண்டாலுக்கு 15,000 ரூபாயைத் தாண்டிய ஈரோட்டு மஞ்சள், 2012 தொடக்கத்தில் 5,000க்கும் கீழே இறங்கியது. விளைச்சலும் இப்படித்தான் ஏறி இறங்கும். இதில் எவ்வளவு வளர்ச்சி, எவ்வளவு தள்ளாட்டம்?

ஒரு சின்னக் கணக்கு. ஒரு தோட்டத்தில் ஐந்தாண்டு விளைச்சல் 10, 20, 30, 40, 50 மூட்டை. பக்கத்துத் தோட்டத்தில் 30, 10, 50, 20, 40. அதே எண்கள், வரிசைதான் வேறு. சராசரி இரண்டிலும் 30. சராசரியை விட்டு விளைச்சல் எத்தனை சதவீதம் விலகுகிறது என்று சொல்லும் ‘மாறுபாட்டுக் கெழு’வும் இரண்டுக்கும் 47. படிப்படியாக ஏறியவரும் ஆண்டுதோறும் அல்லாடியவரும் இந்த அளவுகோலுக்கு ஒன்றுதான்!

இந்தச் சிக்கலுக்கு 1978இல் கட்டி (Cuddy), டெல்லா வாலே (Della Valle) என்ற இரு ஆய்வாளர்கள் வழி கண்டார்கள். விளைச்சல் புள்ளிகளின் ஊடாக ஒரு நேர்கோடு வரைந்து, அந்தக் கோட்டுக்குள் அடங்கும் ஏற்றத்தைக் கழித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் அளந்தார்கள். இதுவே ‘நிலையின்மைக் குறியீடு’. முதல் தோட்டத்துக்கு விடை 0. அடுத்ததற்கு 45. நறுமணப் பயிர்களை ஆராய்பவர்கள் இன்றும் இதைக் கையாள்கிறார்கள்.

சரி, ஆட்டம் எங்கிருந்து வருகிறது? மழையும் வாய்க்கால் தண்ணீரும் பாதிக் கதைதான். மஞ்சள் விளைய எட்டு, ஒன்பது மாதம் ஆகும். இன்றைய விலையை நம்பி எல்லோரும் நட்டால், அறுவடை மொத்தமும் ஒரே சமயத்தில் வந்து விலையைச் சாய்க்கும். மனம் வெறுத்து எல்லோரும் கைவிட்டால், அடுத்த பருவத்தில் தட்டுப்பாடு. விலை மறுபடி எகிறும். இந்தச் சுழலை வரைபடத்தில் போட்டால் வலை பின்னியதுபோலத் தெரியும். 1934இல் பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டோர் இதற்குச் ‘சிலந்திவலைத் தேற்றம்’ என்று பெயர் வைத்தார்.

மஞ்சளில் இந்த வலைக்கு இன்னும் இரண்டு முடிச்சு உண்டு. ஒன்று, விதை. ஒரு ஹெக்டேருக்குச் சுமார் இரண்டு டன் விதைக்கிழங்கு வேண்டும். விலை ஏறினால் விதையும் எட்டாத உயரத்துக்குப் போய்விடும். மற்றொன்று, கிடங்கு. காய்ந்த மஞ்சள் ஆண்டுக்கணக்கில் கெடாது. விலை வரட்டும் என்று இருப்பு வைத்த மூட்டைகள், புது அறுவடை சந்தைக்கு வரும்போது அதனோடு போட்டி போடும்.

ஆகவே நடவுக்கு முன் போன ஆண்டு விலையை மட்டும் விசாரித்தால் போதாது. கிடங்கில் எவ்வளவு இருக்கிறது, ஊரில் விதைக்கிழங்கு எவ்வளவு விற்றது என்ற இரண்டையும் கேட்டால், அடுத்த ஆட்டம் எந்தப் பக்கம் என்று ஓரளவு பிடிபட்டுவிடும்.