ஏடும் திரையும்: யப்பானியச் சித்திரக் கதைகள்

யப்பானிய மக்கள் சித்திரக் கதையை 'மங்கா' என்றும், அசையும் சித்திரப் படத்தை 'அனிமே' என்றும் வழங்குவர். மங்கா ஏட்டில் வாழ்வது. அனிமே திரையில் வாழ்வது. ஏட்டிலே பெயர் பெற்ற கதையைத் திரைக்குக் கொணர்வது அந்நாட்டிலே பெருந்தொழிலாக வளர்ந்துள்ளது. உலகின் பல பாகங்களிலும் இளைஞர் விரும்பிக் காணும் தொடர்களுட் பல இவ்வாறு வந்தவையே. முன்னரே வரையப்பட்ட சித்திரங்களை அசையச் செய்வதில் என்ன அருமை உண்டு என்று ஒருவர் வினவக்கூடும். அருமை உண்டு. ஏட்டின் காலம் வேறு. திரையின் காலம் வேறு. இவ்விரண்டையும் இணங்கச் செய்வதே இத்தொழிலின் தலையாய சிக்கலாகும். அதன் சிறப்பும் குறையும் பெரும்பாலும் இச்சிக்கலிலிருந்தே பிறந்தன.

மங்காவின் பக்கம் கட்டங்களாக வகுக்கப்பட்டிருக்கும். அவற்றை வலமிருந்து இடமாகவும் மேலிருந்து கீழாகவும் படிப்பர். ஓடும் வீரனைச் சூழ்ந்த நெருங்கிய கோடுகள் வேகத்தைக் காட்டும். சொல் ஒன்றேனும் இல்லாத கட்டம் மௌனத்தைக் காட்டும். அந்த மௌனம் எவ்வளவு நேரம் நீடிக்கும்? வாசகனின் கண் அக்கட்டத்திலே தங்கும் வரையில் நீடிக்கும். அவன் விரும்பின் முன்பக்கத்துக்கு மீண்டு செல்லலாம். விரைந்து கடந்தும் போகலாம். காலத்தை ஆள்பவன் அவனே. திரையிலோ நிலைமை வேறு. மூன்று விநாடி மௌனம் எனின், காண்போர் அனைவருக்கும் அது மூன்று விநாடியே. அதனை அளந்து தருபவர் நெறியாளர். ஆகவே ஒரு பக்கத்தைத் திரைக்குக் கொணர்வோர், சித்திரத்தை மட்டுமன்றி, வாசகன் தன் மனத்தால் இட்டு நிரப்பிய காலத்தையும் புதிதாகப் படைக்க வேண்டியவராகின்றனர்.

இப்படைப்பு எத்துணை உழைப்பை வேண்டுவது என்பதை ஒரு சிறு கணக்கினால் அறியலாம். திரைப்படச் சுருளில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. இரண்டு படங்களுக்கு ஒரு சித்திரம் என்று வைத்தாலும் ஒரு விநாடிக்கு 12 சித்திரங்கள் தேவை. இருபது நிமிடக் கதைக்கு 14,400 சித்திரங்கள் வேண்டும். தோயேய் தாபனம் 1958இல் வெளியிட்ட 'வெண்பாம்பின் கதை' என்னும் வர்ணப்படம் போன்ற நீண்ட திரைப்படங்களுக்கு இத்தகைய உழைப்பைப் பல மாதங்களாகச் செலவிட முடிந்தது. வாரந்தோறும் ஒளிபரப்ப வேண்டிய தொடருக்கு அஃது எங்ஙனம் இயலும்?

இயலும் என்று துணிந்தவர் ஒசாமு தெசுக்கா. 1928இல் ஒசாக்கா மாகாணத்திலே பிறந்த இவர், மருத்துவக் கல்வி பயின்று தேறியும் சித்திரக் கதையையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார். இயந்திரச் சிறுவனொருவனைப் பற்றி இவர் வரைந்த 'இரும்புக்கை அத்தோம்' என்னும் தொடர் 1952இல் ஒரு சிறுவர் சஞ்சிகையிலே தொடங்கியது. 1961இல் இவர் தமக்கென ஒரு சித்திரப்படக் கூடம் நிறுவினார். 1963ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளன்று அத்தோம் தொலைக்காட்சியிலே தோன்றினான். 1966ஆம் ஆண்டின் இறுதி வரையில் 193 நிகழ்ச்சிகள் வெளிவந்தன.

இதனைச் சாத்தியமாக்கியது சிக்கனமே. மூன்று படங்களுக்கு ஒரு சித்திரம் வைத்தனர். பேசும்போது வாயை மட்டும் அசைத்தனர். அசையாத ஒரு சித்திரத்தின் மீது படப்பிடிப்புக் கருவியை மெல்ல நகர்த்தி அசைவுணர்ச்சி தந்தனர். ஒருமுறை வரைந்த ஓட்டத்தையும் பறத்தலையும் சேமித்து வைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தினர். இவை குறைபாடுகளாகத் தோன்றலாம். ஆயினும், அசையாச் சித்திரத்திலே அசைவைக் காண மங்கா வாசகர் முன்னரே பழகியிருந்தனர். திரை விட்ட இடத்தை அவர் மனம் நிரப்பியது. வறுமையிற் பிறந்த உத்திகள் நாளடைவில் ஒரு பாணியாகவே நிலைபெற்றன.

ஆனால் இந்த வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. தயாரிப்புச் செலவினும் குறைந்த தொகைக்கே நிகழ்ச்சி விற்கப்பட்டது. நட்டத்தை விளையாட்டுப் பொருள்களாலும் வெளிநாட்டு விற்பனையாலும் ஈடுசெய்ய முயன்றனர். பின்வந்த தயாரிப்பாளரும் குறைந்த விலையையே ஏற்க வேண்டியதாயிற்று என்று குறைகூறுவோர் உளர். தெசுக்கா நிறுவிய அக்கூடம் 1973இல் வங்குரோத்து அடைந்தது.

காலத்தின் நெருக்கடி சித்திரத்தோடு நின்றுவிடவில்லை, கதையையும் தாக்கிற்று. வாரச் சஞ்சிகையில் எழுதும் மங்கா ஆசிரியர் ஒரு வாரத்தில் ஏறக்குறைய இருபது பக்கம் வரைவார். அரைமணி நேர நிகழ்ச்சி ஒன்றோ, பொதுவாக இரண்டு மூன்று வாரத்துக் கதையை விழுங்கிவிடும். ஆகவே திரை ஏட்டை விரைவிலே எட்டிப் பிடித்துவிடுகின்றது. அதன்பின் தயாரிப்பாளருக்கு மூன்று வழிகளே உள. கதையை நீட்டலாம், தாமே புதுக்கதை புனையலாம், அன்றேல் நிறுத்திவிட்டுக் காத்திருக்கலாம்.

நீட்டலுக்கு அக்கிரா தொரியாமாவின் 'திராகன் பால்' சான்றாகும். 1989 முதல் 1996 வரை ஒளிபரப்பான அதன் இரண்டாம் தொடர் 291 நிகழ்ச்சிகளைக் கொண்டது. மூலத்திலே சில பக்கங்களில் முடியும் போர் திரையிலே வாரக்கணக்கில் நீண்டது. அவ்வாறு சேர்த்தவற்றைப் பெரும்பாலும் நீக்கி, 2009இல் அதே தொடரைச் சுருக்கி மீண்டும் ஒளிபரப்பினர். சேர்த்தது கதைக்காக அன்று, கடிகாரத்துக்காகவே என்பதை இது காட்டுகின்றது.

புதுக்கதை புனைவதற்குச் சான்று ஹிரோமு அரக்காவாவின் 'எஃகின் இரசவாதி'. இறந்த தாயை உயிர்ப்பிக்க முயன்று தம் உடலை இழந்த சகோதரர் இருவரின் கதை இது. 2003இல் திரைக்கு வந்தபோது மூலக்கதை முற்றுப்பெறவில்லை. ஆகவே வேறொரு முடிவு அமைக்கப்பட்டது. 2009இல் தொடங்கிய இரண்டாம் தொடர் மூலத்தைத் தழுவிச் சென்று, 2010இல் மங்கா முடிந்த மறுமாதமே முடிவுற்றது. இரண்டையும் போற்றுவோர் உளர். மூலத்தினின்று விலகுவதெல்லாம் பிழை என்று கொள்வதற்கில்லை என்பது இதனாற் பெறப்படும்.

மூல ஆசிரியரே நெறியாளராயினும் இச்சிக்கல் தீர்வதில்லை. ஹயாவோ மியசாக்கி 'காற்றுப் பள்ளத்தாக்கின் நௌசிக்கா' என்னும் மங்காவை 1982இல் தொடங்கி, 1984இல் தாமே திரைப்படமாக்கினார். மங்கா முடிந்ததோ 1994இல். படத்திலே நஞ்சுக் காடு மாசுற்ற மண்ணைத் தூய்மை செய்யும் இயற்கையின் அருளாகத் தோன்றுகின்றது. ஏட்டின் பிற்பகுதியிலோ, அக்காடும் பண்டைய மனிதர் வகுத்த திட்டமே என்று தெரியவருகின்றது. பத்தாண்டுச் சிந்தனை ஒரே ஆசிரியரின் கதையை வேறொன்றாக்கிவிட்டது. அக்காலத்தை ஏடு அவருக்கு அளித்தது, திரை அளிக்கவில்லை.

அண்மைக் காலத்திலே காத்திருக்கும் வழியே மிகுதியாகக் கைக்கொள்ளப்படுகின்றது. பன்னிரண்டு பதின்மூன்று நிகழ்ச்சிகளைக் கொண்ட பருவமாகத் தொடரை வெளியிட்டு, மூலம் வளரும் வரையில் நிறுத்திவைப்பர். கதைக்கு இது நன்மையே. ஆனால் வரையும் கைகளுக்கு ஓய்வு கிடைத்ததென்று சொல்ல முடியாது. வர்ணம் தீட்டும் வேலையைக் கணினி எளிதாக்கியபோதிலும், அசைவுச் சித்திரங்களை மனிதரே வரைகின்றனர். அவருட் பலர் ஒரு சித்திரத்துக்கு இவ்வளவு என்னும் கூலிக்கே, அதுவும் குறைந்த கூலிக்கே, நெடுநேரம் உழைக்கின்றனர். வாரந்தோறும் வரையும் மங்கா ஆசிரியரும் உடல்நலங் குன்றித் தொடரை இடைநிறுத்த நேர்வதுண்டு.

ஏட்டிலிருந்து திரைக்கு வந்த கதையை மதிப்பிடுவோர், அது மூலத்தை ஒத்ததா என்று மட்டும் கேட்பது போதாது. அதனை ஆக்கியோருக்கு எவ்வளவு காலம் அளிக்கப்பட்டது என்பதையும் கேட்டல் வேண்டும். கதை சோர்வுறும் இடங்களிற் பலவற்றை ஆராயின், அங்கே கற்பனை வறண்டிருக்காது, காலமே போதாதிருந்திருக்கும். ஒரு விநாடியிற் கடந்துபோகும் அசைவு ஒருவரின் பல மணி நேர உழைப்பு என்பதை அறிந்து பார்ப்பவரே அக்கலையை முழுமையாகச் சுவைப்பவராவர்.